கம்பத்தில் ஒரு வாசல்: ஏரூவ் எல்லையும் வாடகையின் சமயப் பொருளும்

இறைச்சட்டம் சுவர் வேண்டும் என்று சொல்லும் இடத்தில், மின்வழங்கு நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான மரக்கம்பம் சுவரின் வேலையைச் செய்ய முடியுமா, அந்தக் கம்பத்தில் இடம் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் வாடகை சமய ஒழுக்கத்துக்குப் புறம்பான வெறும் வணிகமா அல்லது அவ்வொழுக்கத்தின் ஓர் உறுப்பா என்னும் கேள்வி, யூத சமயச் சட்டத்தில் ஏட்டோடு நின்றுவிட்ட கேள்வி அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் மரபுவழி யூதர்கள் செறிந்து வாழும் ஊர்கள் பலவற்றில், தெருவோர மின்கம்பங்களும் தொலைபேசிக் கம்பங்களும் அவற்றுக்கிடையே ஓடும் கம்பிகளும் சேர்ந்து ஊரைச் சுற்றி ஓர் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. அந்த எல்லைக்குள் அடங்கும் வீடுகளும் தெருக்களும் ஓய்வுநாளில் ஒரே வளாகமாகக் கருதப்படுகின்றன. கலத்தல் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லால் இவ்வேற்பாடு 'ஏரூவ்' எனப்படுகிறது. இதைப் பற்றி எழுதுவோரில் ஒரு சாரார் இறைவனை ஏமாற்றும் வித்தை என்று நகைக்கிறார்கள். மறு சாரார் சட்டநுட்பத்தின் அழகு என்று வியக்கிறார்கள். இரு சாராருமே கம்பத்தின் உரிமையாளரை மறந்துவிடுகிறார்கள். கம்பம் யாருடையது, அதில் இடம் பெற என்ன விலை, அந்த விலையை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பவற்றை ஒதுக்கிவிட்டு இந்தச் சமயக் கேள்வியை அணுக இயலாது.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரை நீடிப்பது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, அந்நாளில் விலக்கப்பட்ட வேலை வகைகளை 39 என்று எண்ணுகிறது. விதைத்தல், உழுதல், நெய்தல், தீ மூட்டுதல் என்று செல்லும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது, ஒரு பொருளை ஓர் ஆட்சியிடத்திலிருந்து மற்றோர் ஆட்சியிடத்துக்குக் கொண்டு செல்லுதல். ஆட்சியிடம் என்பது, ஓர் இடம் யாருடைய புழக்கத்துக்கு உட்பட்டது என்பதைக் கொண்டு வகுக்கப்படும் சட்டப் பிரிவு. சுற்றடைப்புள்ள வீடும் முற்றமும் தனி ஆட்சியிடம். பெருந்திரள் நடமாடும் அகன்ற வீதி பொது ஆட்சியிடம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வயல், கடல், சாதாரணத் தெரு போன்றவை 'கர்மெலித்' எனப்படும் மூன்றாம் வகை. வீட்டிலிருந்து பொது ஆட்சியிடத்துக்கு ஒரு பொருளைக் கொண்டு செல்வதைத் தடுப்பது தோரா, அதாவது வேதச் சட்டம். கர்மெலித்துக்குக் கொண்டு செல்வதைத் தடுத்தவர்களோ பிற்காலச் சட்ட அறிஞர்களான ரபிகள். வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது என்பதால், இதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

நடைமுறையில் இத்தடையின் சுமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. தனியாக நடந்து தொழுகைக்கூடம் செல்லும் ஆணுக்கு அது பெரிய தொல்லையன்று. வீட்டுச் சாவியை இடைவாரின் பகுதியாக்கி அணிந்துகொண்டு போய்விடுவார். கைக்குழந்தையுள்ள தாய்க்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், அவரைத் தள்ளிச் செல்பவருக்கும் ஓய்வுநாள் ஏறத்தாழ வீட்டுச் சிறையாகிவிடுகிறது. ஏரூவ் வேண்டும் என்ற கோரிக்கை இளம் குடும்பங்களிடமிருந்து எழுவதற்கும், ஏரூவ் உள்ள பகுதிகளை அக்குடும்பங்கள் நாடி வருவதற்கும் காரணம் இதுவே.

கம்பங்களும் கம்பிகளும் எப்படிச் சுவராகின்றன என்பதற்கான விடை, தல்மூத் என்னும் பெருநூலின் 'ஏரூவின்' பகுதியில் இருக்கிறது. சுவரில் வாசல் இருப்பதால் சுவர் சுவராக இல்லாமற் போய்விடுவதில்லை. வாசலும் அடைப்பின் பகுதியே. அப்படியானால் வாசல்களை மட்டும் வரிசையாக நிறுத்தினாலும் அது அடைப்பே என்று சட்டம் வாதிடுகிறது. இருபுறமும் இரண்டு நாணற் குச்சிகள், அவற்றின் தலைமேல் குறுக்காக ஒரு குச்சி: நிலைவாசலின் வடிவத்துக்கு இவ்வளவு போதும். நிலைக்கால்கள் குறைந்தது பத்துக் கைப்பிடி உயரம், அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 80 முதல் 100 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உத்தரம் கால்களின் தலைக்கு மேலே செல்ல வேண்டும். பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தால் அது வாசல் ஆகாது.

மின்கம்பத்தை வைத்து வாசல் அமைப்பதில் உள்ள இடர் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. கம்பத்தில் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் அதன் பக்கவாட்டில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. கம்பத்தின் உச்சியைத் தொட்டுச் செல்பவை சிலவே. எனவே கம்பத்தையே நிலைக்காலாகக் கொள்ளாமல், பக்கவாட்டில் ஓடும் கம்பிக்கு நேர் கீழே, கம்பத்தின் அடிப்பகுதியில், ஒரு மெல்லிய பட்டையை நட்டுக்குத்தாக அறைந்துவிடுகிறார்கள். 'லெகி' எனப்படும் அந்தப் பட்டைதான் சட்டத்தின் கண்ணில் நிலைக்கால். பல அடி உயரத்தில் அதற்கு நேர் மேலே செல்லும் தொலைபேசிக் கம்பி உத்தரம். 12 மீட்டர் உயரக் கம்பம் அந்தப் பட்டையைத் தாங்கும் வெறும் ஆணி. நிலத்தில் இறங்கும் புவியிணைப்புக் கம்பியை மூடுவதற்கு மின்துறையினர் பயன்படுத்தும் அதே பி.வி.சி. உறையைத்தான் பல ஊர்களில் லெகியாகவும் பயன்படுத்துகிறார்கள். அருகில் சென்று தொட்டுப் பார்த்தாலும் எது மின்துறையின் உறை, எது சமயச் சட்டத்தின் நிலைக்கால் என்று அயலாருக்குப் பிரித்தறிய முடியாது. களைவெட்டும் எந்திரம் அதைப் பெயர்த்துவிடும். வண்டி மோதினால் உடைந்துவிடும். பழைய கம்பத்தை மாற்ற வரும் கம்பியாளர்கள் அதைப் பொருட்படுத்தாமல் பழைய கம்பத்தோடு எடுத்துச் சென்றுவிடுவார்கள். ஓரிடத்தில் அறுந்தால் எல்லை முழுவதும் செல்லாது என்பதால், வாரந்தோறும் ஓய்வுநாளுக்கு முன் ஒருவர் எல்லையைச் சுற்றி வந்து பார்த்து, ஏரூவ் நிற்கிறதா வீழ்ந்ததா என்று ஊருக்கு அறிவிக்கிறார்.

கம்பத்தின் வணிகப் பக்கத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும். சிமெண்டுக் கம்பங்களையே கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு, அமெரிக்காவின் கம்பங்கள் பெரும்பாலும் மரம் என்பது வியப்பாக இருக்கலாம். 1844இல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்திப் பாதை அமைத்தபோது முதலில் கம்பியை மண்ணுக்குள் புதைக்கவே முயன்றார். காப்புறை பழுதானதால்தான் கம்பங்களுக்கு மாறினார். இன்று தென்மாநிலப் பைன் மரமே மிகுதியாகப் பயன்படுகிறது. அதை உளுத்துப்போகாமல் காக்க கிரியோசோட்டு எண்ணெய், செம்பும் ஆர்செனிக்கும் கலந்த கரைசல், பென்டாகுளோரோஃபீனால் முதலியவற்றை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். இவற்றுள் கடைசியானதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2022இல் விலக்கத் தீர்மானித்தது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள் அந்நாட்டில் நிற்கின்றன. ஆயினும் கம்பச் சந்தையின் சிக்கல் மரத்தின் விலையில் இல்லை. ஏற்கெனவே நடப்பட்ட கம்பத்தில் இடத்தின் விலையில்தான் இருக்கிறது. ஒரே தெருவில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கம்பவரிசை நட முடியாது. முதலில் நட்டவர் உரிமையாளர். பின்னால் வருபவர் குடியிருப்பவர்.

கம்பிவழித் தொலைக்காட்சி நிறுவனங்கள் பெருகியபோது இந்தக் குடியிருப்பு வாடகை ஒரு பூசலாகவே முற்றியது. வேறு வழியற்ற குடியிருப்பவரிடம் உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நிலையைத் தடுக்க, 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் கம்ப இணைப்புச் சட்டத்தை இயற்றி, கட்டணத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தைக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு அளித்தது. ஆணையத்தின் கணக்கு இப்படி: சராசரிக் கம்பம் 37.5 அடி, அதில் 6 அடி மண்ணுக்குள், தரையிலிருந்து 18 அடி வரை போக்குவரத்துக்காகக் கம்பியின்றி விடப்பட வேண்டும், எஞ்சிய 13.5 அடியே பயன்படும் இடம். அதில் ஓர் அடியை எடுத்துக்கொள்பவர் கம்பத்தின் ஆண்டுச் செலவில் 13.5இல் ஒரு பங்கை ஏற்க வேண்டும். புளோரிடாவில் ஒரு கம்பத்துக்கு ஆண்டுக்கு 7 டாலருக்கு மேல்கூடக் கேட்கப்பட்ட வாடகையை ஆணையம் இந்த வழியில் 1.79 டாலராகக் குறைத்தது. அதை எதிர்த்த வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. தன் இசைவோடு ஒருவரைக் குடிவைத்த உரிமையாளரின் வாடகையை அரசு முறைப்படுத்தலாம். அழைக்கப்படாதவரை அரசு ஆணையின் பேரில் உள்ளே நுழைப்பது வேறு. இதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, நியூயார்க்கின் அடுக்ககம் ஒன்றின் கூரையில் தொலைக்காட்சிக் கம்பியும் சிறு பெட்டிகளும் பொருத்தப்பட்ட வழக்கில், இடம் எவ்வளவு சிறிதானாலும் நிலையான நுழைவு சொத்தைப் பறிப்பதே ஆகும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த நுழைவுக்கு மாநில ஆணையம் நிர்ணயித்திருந்த ஈடு ஒரே ஒரு டாலர். ஒரு டாலர் என்ற தொகை ஏரூவின் கதையிலும் வருவதால் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

லெகி கம்பத்தின் அடியில் இருக்கிறது. வணிகக் கணக்கில் பயன்படாத பகுதி என்று ஒதுக்கப்பட்ட 18 அடிக்குள் அது அடங்கிவிடுகிறது. மின்சாரத்தையும் செய்தியையும் கொண்டு செல்வதில்லை. 13.5இல் ஒரு பங்கு என்ற வாய்பாட்டுக்கு அதனிடம் வேலையில்லை. எனவே நிறுவனங்கள் ஏரூவ் சங்கத்தோடு தனி உரிம ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஆணியும் பட்டையும் யாருக்கும் காயம் விளைவித்தால் பொறுப்பு யாருடையது என்பதற்கான காப்பீடுதான் அங்கே வாடகையை விடப் பெரிய பேச்சு.

இனி ஏமாற்று என்ற குற்றச்சாட்டுக்கு வரலாம். இது புதியதன்று. ரபிகளின் வாய்மொழி மரபை ஏற்காமல் எழுதப்பட்ட வேதத்தை மட்டும் ஏற்ற காராயர் என்னும் யூதப் பிரிவினர், ஏரூவை இடைக்காலத்திலேயே புறந்தள்ளினர். வேதம் தடுத்ததை ஒரு நூலைக் கட்டி அனுமதிப்பது வேதத்தைக் கேலி செய்வதாகும் என்பது இன்றைய நகைப்பாளர் வரை தொடரும் வாதம். ஆனால் இந்த வாதம், மேலே சொன்ன முதல் வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. வேதச் சட்டப்படி உண்மையான பொது ஆட்சியிடமாக இருக்கும் ஒரு வீதியை வெறும் நிலைவாசல் வடிவத்தால் தனி ஆட்சியிடமாக்கிவிட முடியும் என்று நடைமுறைச் சட்டம் சொல்லவில்லை. அதற்குப் பூட்டக்கூடிய கதவுகள் வேண்டும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஏரூவ் தளர்த்துவது கர்மெலித்துத் தடையையும் அண்டை வீட்டாருக்கிடையிலான தடையையும்தான். இரண்டும் அறிஞர்கள் தாமே விதித்தவை. 12ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமோனிடிஸ், அண்டை வீட்டாருக்கிடையே பொருள் எடுத்துச் செல்லும் தடையையும் அதை நீக்கும் ஏரூவையும் சாலமோனும் அவருடைய அவையும் ஒருசேர ஏற்படுத்தியவை என்று தம் சட்டத் தொகுப்பில் எழுதினார். தடையை விதித்த கையே வழியையும் விதித்திருக்கும்போது, அந்த வழியில் செல்பவரை ஏமாற்றுபவர் என்று சொல்வது பொருந்தாது. ஊர் முழுதும் பொது ஆட்சியிடமோ என்று ஐயம் எழும் பெருநகரங்களில் மரபின் உள்ளேயே எதிர்ப்பு வலுத்திருக்கிறது. பாலைவனத்தில் தங்கிய இஸ்ரவேலரின் எண்ணிக்கையை ஒட்டி, 6,00,000 பேர் புழங்கும் இடமே பொது ஆட்சியிடம் என்ற அளவுகோல் உண்டு. அந்த அளவுகோலை மன்ஹாட்டனுக்கும் புரூக்ளினுக்கும் எப்படிப் பொருத்துவது என்ற விவாதத்தில், 20ஆம் நூற்றாண்டின் மிக மதிக்கப்பட்ட சட்ட அறிஞர்களுள் ஒருவரான ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் அங்கே ஏரூவ் அமைப்பதை ஆதரிக்கவில்லை. சட்டம் வெறும் வித்தையாக இருந்திருந்தால் இவ்வளவு பிணக்கு தேவைப்பட்டிருக்காது.

ஏமாற்று என்ற வாதத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு, அது கூர்மையானது. கம்பத்தை நட்டவர் வாசலை நினைத்து நடவில்லை. கம்பியை இழுத்தவர் உத்தரத்தை நினைத்து இழுக்கவில்லை. மின்சாரத்தை விற்பதற்காக நிறுத்தப்பட்ட மரத்தில் சமயப் பொருளை ஏற்றுவது, பொருளின் இயல்புக்கு மாறான கற்பனை அன்றோ? இதற்கு ஒத்த கேள்வியை 4ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய அறிஞர்கள் அப்பயே, ராவா இருவரும் விவாதித்தார்கள். அவர்கள் முன் இருந்தது, ஒரு சந்தின் வாயிலில் யாரும் அந்த நோக்கத்துடன் நாட்டாமல் தானாகவே நிற்கும் பக்கக்கால். அது சட்டப்படி லெகி ஆகும் என்றார் அப்பயே. ஆகாது என்றார் ராவா. இருவரும் முரண்படும் இடங்களில் பொதுவாக ராவாவின் கருத்தே சட்டமாகும். அப்பயேவின் பக்கம் தீர்ந்தவை ஆறு மட்டுமே. அந்த ஆறில் ஒன்று இது. ஆனால் அப்பயேவும் ஒரு நிபந்தனையை ஏற்றார்: ஓய்வுநாள் பிறப்பதற்கு முன்பே அந்தச் சந்தின் மக்கள் அக்காலை நம்பியிருக்க வேண்டும், நம்பியிராத கால் எவர் கணக்கிலும் கால் அன்று.

இத்தீர்ப்பின் ஆழம் எளிதில் கண்ணுக்குப் படாதது. ஒரு பொருள் இன்னது என்று ஆவது, செய்தவன் உள்ளத்தில் இருந்த நோக்கத்தாலா, பொருளின் வடிவத்தாலா, அதைச் சார்ந்து வாழ்பவரின் நம்பிக்கையாலா என்னும் தத்துவக் கேள்விக்கு அது விடை சொல்கிறது. வடிவம் இருக்க வேண்டும். பத்துக் கைப்பிடி இல்லாத கால் எத்தனை நம்பிக்கையாலும் லெகி ஆகாது. அந்த வடிவத்தை முன்கூட்டியே சார்ந்து நிற்கும் ஒரு சமூகமும் இருக்க வேண்டும். செய்தவனின் நோக்கம் மட்டும் தேவையில்லை. இந்த நோக்கில், 1890களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரபி சகரியா ரோசன்ஃபெல்ட் தந்திக் கம்பிகளை ஏரூவின் பகுதியாக ஏற்று, அதை நிறுவி ஒரு நூலும் எழுதியது துணிச்சலான புதுமையாகத் தோன்றினாலும் மரபுக்கு மாறானதன்று. தந்தி நிறுவனத்துக்குத் தன் கம்பி ஓர் உத்தரம் என்பது தெரிய வேண்டிய தேவையே இல்லை. வாரந்தோறும் எல்லையைச் சுற்றிப் பார்ப்பவரின் வேலையும் வெறும் பராமரிப்பாக இல்லாமல், முன்கூட்டிய நம்பிக்கையை ஒவ்வொரு வாரமும் புதுப்பிக்கும் செயலாகிவிடுகிறது.

நிறுவனம் அறியத் தேவையில்லை என்றால் அதன் இசைவும் தேவையில்லை என்று ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, ஏனெனில் அடைப்பு என்பது பாதி மட்டுமே. அடைப்புக்குள் இருக்கும் வீடுகள் பல குடும்பத்தாருக்கு உரியவை. அவை ஒரே வளாகமாக வேண்டுமானால் அனைவரும் ஓர் உணவில் பங்காளிகள் ஆக வேண்டும். அதற்காக எல்லார் பெயராலும் ஓர் அப்பம், இக்காலத்தில் பெரும்பாலும் புளிப்பில்லாத மட்சா அப்பப் பெட்டி, தொழுகைக்கூடத்தில் வைக்கப்படுகிறது. உண்மையில் ஏரூவ் என்ற பெயர் அந்த அப்பத்துக்கே உரியது. ஆனால் யூதர் அல்லாத அண்டை வீட்டாரும், ஏரூவை ஏற்காத யூதரும் அந்த அப்பத்தில் பங்காளிகள் ஆக முடியாது. அவர்களைப் பொறுத்தவரை சட்டம் வேறு வழியைச் சொல்கிறது: அவர்களிடமிருந்து அவர்களது புழக்க உரிமையை வாடகைக்குப் பெற வேண்டும். ஆக, நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்பவரோடு அப்பம், பகிர்ந்துகொள்ளாதவரோடு வாடகை. அண்டை வீட்டார் தன் நம்பிக்கையை ஏற்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அவரோடு ஓர் ஒப்பந்தம் இருந்தால் போதும் என்கிறது. வேற்று நம்பிக்கையாளரோடு கொள்ளத்தக்க நேர்மையான உறவாக வாடகையை ஒரு சமயச் சட்டம் தன் உள்ளேயே வைத்திருப்பது, உலகச் சமய வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

இதை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடவும் கூடாது. தல்மூத்தே இந்த வாடகை விதியின் பிறப்பை வெளிப்படையாகச் சொல்கிறது: யூதர்கள் பிறரோடு ஒரே முற்றத்தில் வாழ்ந்து அவர்களுடைய வழக்கங்களைக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட தடை அது. சூனியத்துக்கு அஞ்சி அண்டை வீட்டார் வாடகைக்குத் தர மறுப்பார்கள், அதனால் யூதர்கள் வேறிடம் பெயர்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. பிரிப்பதற்காகச் செய்த விதி பிற்காலத்தில் சேர்ந்து வாழும் கருவியானது. இந்த மாற்றத்துக்கும் தல்மூத்திலேயே இடம் இருந்தது. மிகச் சிறிய நாணயத்தின் மதிப்புக்குக் குறைந்த வாடகையும் செல்லும். உரிமையாளர் மட்டுமல்லாமல் அவருடைய கூலியாளோ பொறுப்பாளரோ தந்தாலும் செல்லும். பிற்காலச் சட்டநூல்கள் இதை நகரின் ஆட்சியாளர் வரை விரித்தன. இன்றைய அமெரிக்க நகரங்களில் மேயரோ மாவட்டத் தலைவரோ ஒரு டாலரைப் பெற்றுக்கொண்டு, நீண்ட காலத்துக்கு ஊரின் புழக்க உரிமையை ஏரூவ் சங்கத்துக்கு அளிக்கும் அறிக்கையில் கையெழுத்திடுவது இதன்படியே.

நியூ ஜெர்சி மாநிலத்தின் டெனஃப்ளை ஊரில் நடந்த வழக்கு இவ்வளவையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. 1999இல் பெர்கன் மாவட்டத் தலைவரின் அறிக்கை பெறப்பட்டது. கம்பி நிறுவனம் ஒன்றின் உதவியோடு தொலைபேசிக் கம்பங்களில் லெகிகள் பொருத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஊராட்சி மன்றம் அவற்றை அகற்ற முடிவு செய்தது. கம்பங்களில் எந்த விளம்பரமும் அடையாளமும் வைக்கக் கூடாது என்ற 1954ஆம் ஆண்டு உள்ளூர் விதியை அது காட்டியது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு முடிவுகளைச் சொன்னது. லெகி பேச்சுரிமையின் பாதுகாப்பைப் பெறாது, ஏனெனில் அது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிய வேலி போல ஒரு பயனுக்காக நிற்பது. ஆனால் வீட்டு எண்களையும், காணாமற்போன செல்லப்பிராணிகளுக்கான தாள்களையும், தேவாலயங்களுக்கு வழிகாட்டும் பலகைகளையும் கம்பங்களில் அனுமதித்துவிட்டு லெகியை மட்டும் அகற்றுவது சமய உரிமையைப் பாரபட்சமாக மறுப்பதாகும். முதல் முடிவு சட்ட அறிஞர்களை விடச் சமய ஆய்வாளர்களுக்கே முக்கியமானது. ஏரூவை 'அடையாளச் சுவர்' என்று எழுதுவது வழக்கம். அடையாளம் என்றால் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்றை உணர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதையே விரும்பும் இந்தப் பட்டை எதையும் உணர்த்துவதில்லை. சமயம் சாராத ஒரு நீதிமன்றம், தல்மூத்தின் அப்பயேவைப் போலவே, பொருளின் தன்மையை அது செய்யும் வேலையில் கண்டது.

டெனஃப்ளையில் எதிர்த்தவர்களின் மனக்குறையில் ஒரு பகுதி வெறுப்பால் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவர்கள் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. மாவட்டத் தலைவர் ஒரு டாலருக்கு வாடகைக்குக் கொடுத்தது தெருவை மட்டுமா, அல்லது தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் புழக்க உரிமையையுமா? சமயச் சட்டத்தின் உள்நோக்கில் வீடுகளும் அடங்கும். மன்னரின் படைவீரர்களைத் தன் வீட்டில் தங்கவைக்க வேண்டியிருந்த காலத்துக் குடிமகனுக்கு, ஆட்சியாளர் தன் வீட்டின் மேலும் உரிமையுடையவர் என்பது நடைமுறை உண்மை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாவட்டத் தலைவருக்கு அத்தகைய உரிமை இருக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. அந்த வாடகையால் எவரும் எதையும் இழக்கவில்லை. குடிமைச் சட்டத்தின் கண்ணில் அது வாடகையே அன்று. ஆயினும் அண்டை வீட்டாரோடு ஒப்பந்தம் செய்வதுதான் இந்த விதியின் உயிர் என்றால், அவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் பெறப்படும் இசைவு மெலிந்த இசைவே. மின்நிறுவனத்திடம் கேட்டுப் பெற்ற உரிமம் அதைவிட வலிமையானது. அங்கே உரிமையாளர் யார் என்பதும், எதற்கு இசைகிறார் என்பதும், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் தெளிவு. ஏரூவின் இரு பாதிகளில் வணிகக் கறை படிந்தது என்று கருதப்படும் கம்பப் பாதியே அறநோக்கில் மேலானதாகத் தெரிகிறது.

லாங் ஐலண்டில் உள்ள வெஸ்ட்ஹாம்ப்டன் பீச் வழக்கில் இது இன்னும் விளங்கியது. மின்வாரியமும் தொலைபேசி நிறுவனமும் கம்பங்களைத் தர முன்வந்தன. ஊர் நிர்வாகம் தடுத்தது. ஏரூவை எதிர்த்து வழக்குத் தொடுத்த அமைப்புகளுள் ஒன்று யூதர்களுடையது. பொது மின்வாரியம் தன் கம்பத்தில் ஏரூவுக்கு இடம் தருவது அரசு ஒரு சமயத்தை நிறுவுவதாகாது என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2017இல் மாவா என்னும் ஊரில் எழுந்த இதே போன்ற பூசல், அடுத்த ஆண்டே உடன்பாட்டில் முடிந்தது.

யூத சமயம் இடத்தைப் புனிதமாக்குவதை விடக் காலத்தைப் புனிதமாக்குவதில் நாட்டம் கொண்டது என்று ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் 1951இல் ஓய்வுநாளைப் பற்றி எழுதிய நூலில் வாதிட்டார். ஏரூவ் அவருடைய வாதத்துக்கு முரணானது போலத் தோன்றலாம். ஆனால் ஏரூவ் எந்த இடத்தையும் புனிதமாக்குவதில்லை. எல்லைக்குள் இருக்கும் தெரு புனிதத் தெரு ஆவதில்லை. அது வீட்டின் முற்றம் ஆகிறது, அவ்வளவே. சனிக்கிழமை இரவு கழிந்ததும் அதே கம்பம் மீண்டும் மின்கம்பமாகவே நிற்கிறது.

கம்பங்களே இல்லாத ஊரில் என்ன நேரும் என்பதற்கு லண்டன் சான்று. மின்கம்பிகள் பெரும்பாலும் மண்ணுக்குள் செல்லும் அந்நகரின் வடமேற்குப் பகுதியில் ஏரூவ் அமைக்க விரும்பியவர்களுக்கு, வாடகைக்கு எடுக்கத் தேவையான கம்பங்கள் கிடைக்கவில்லை. விடுபட்ட இடங்களில் தாமே கம்பங்கள் நட்டு நைலான் இழை கட்ட வேண்டியிருந்தது. கம்பம் நடுவதற்குக் கட்டுமான அனுமதி வேண்டும். 1993இல் பார்னெட் நகராட்சி மறுத்தது. பொது விசாரணைக்குப் பின் மைய அரசு 1994இல் அனுமதித்தது. சமயப் பற்றில்லாதவர்களும், காட்சி கெடும் என்று அஞ்சியவர்களும், மரபுவழி யூதர்களிலேயே ஒரு பிரிவினரும் எதிர்த்தார்கள். ஏறத்தாழ 11 மைல் சுற்றளவுள்ள அந்த எல்லை 2003இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. கலிபோர்னியாவின் பெரிய மின்நிறுவனம் ஒன்று காட்டுத்தீக்கு அஞ்சி 10,000 மைல் மின்பாதையை மண்ணுக்குள் கொண்டுசெல்லப்போவதாக 2021இல் அறிவித்தது. இப்படிக் கம்பங்கள் மறையும் ஊர்களில் ஏரூவ் சங்கங்கள் குடியிருப்பவர் நிலையிலிருந்து உரிமையாளர் நிலைக்கு மாற நேரும். அப்போது ஒரு நிறுவனத்தின் ஒரு கையெழுத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு கம்பத்துக்கும் அதன் எதிரே குடியிருப்பவர் எழுப்பும் மறுப்பைக் கேட்டு விடையளிக்க வேண்டியிருக்கும். லண்டனில் அதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.